பக்கத்தில் நின்ற பிடில்

நமது சங்க மலரில் அமெரிக்கப் பிடில்காரர் ஒருவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரண்டு காரணங்கள் சொல்கிறேன். ஒன்று, வருடா வருடம் நம் சங்கத்தில் கச்சேரி கேட்கிறோம். வீடு திரும்பும்போது பாடகரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். வயலின் வாசித்தவரைப் பற்றி ‘நல்ல ஒத்துழைப்பு’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்த இரண்டு வார்த்தைக்குள் எவ்வளவு பெரிய தொழில் அடங்கியிருக்கிறது என்று யோசிப்பதில்லை. இரண்டாவது, நான் சொல்லப்போகும் சங்கீதம், பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் போனவர்கள் கையோடு எடுத்துப்போய்க் காப்பாற்றிய சங்கீதம். அந்த வகையில் அது நமக்கு அந்நியமல்ல.

நான் சங்கீத வித்வான் இல்லை. சிறுவயதில் நாலைந்து வருஷம் வயலின் கற்றுக்கொண்டு, வேலை கிடைத்து வடக்கே வந்ததும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன். கேட்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. அப்படிக் கேட்டதில் என் மனதில் தங்கியவர்கள் ஜானி கிம்பிள் என்ற பிடில்காரரும், மெர்ல் ஹேகர்ட் என்ற பாடகரும்.

பிடிலும் வயலினும்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். பிடில் வேறு, வயலின் வேறா? இல்லை. இரண்டும் ஒரே வாத்தியம்தான். மேற்கத்திய செவ்வியல் இசைக்கு வாசித்தால் வயலின், கிராமத்து நடனத்துக்கும் கன்ட்ரி பாட்டுக்கும் வாசித்தால் பிடில். நமக்கு இது புதிதல்ல. நம் தாத்தா, பாட்டிகள் வாயில் கச்சேரி வயலின்கூட ‘பிடில்’தானே! பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரர்களிடமிருந்து நம்மிடம் வந்த வாத்தியம், மடியில் உட்கார்ந்து நம்முடையதாகவே ஆகிவிட்டது. அதேபோல, பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் அமெரிக்கா போய்க் குடியேறியவர்களோடு கப்பலேறிய பிடில் அங்கே வேறு பாஷை பேசக் கற்றுக்கொண்டது.

அந்தப் பாஷையின் இலக்கணம் என்ன? இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுப்பது ஒன்று. நடனத்துக்கான தாளத்தை வில்லாலேயே கொடுப்பது இன்னொன்று. ஸ்வரத்தைத் தொட்டு வழுக்கிக்கொண்டு போவது மூன்றாவது. நம் கமகம் அளவுக்கு விரிவு இல்லாவிட்டாலும், கேட்டவுடன் ‘அட, இது நமக்குத் தெரிந்த சமாசாரமாச்சே’ என்று தோன்றும்.

செஷன் வாத்தியக்காரர் என்றால் யார்?

கன்ட்ரி சங்கீதத்தின் தலைநகரம் டென்னசி மாநிலத்திலுள்ள நாஷ்வில். அங்கே ஒலிப்பதிவு என்பது ஒரு செஷன், அதாவது மூன்று மணி நேர வேலை. அதற்குள் மூன்று அல்லது நான்கு பாட்டுகளை முடிக்க வேண்டும். பாடகரின் சொந்தக் குழு பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள் வராது. ஊரில் இதற்கென்றே இருக்கும் தேர்ந்த வாத்தியக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் ஒரு பாடகர், மத்தியானம் இன்னொருவர், ராத்திரி வேறொருவர் என்று அவர்கள் பொழுது போகும். சங்கீதக்காரர்களின் தொழிற்சங்கம் நிர்ணயித்த கூலி உண்டு. ஆனால், பாட்டு பத்து லட்சம் பிரதி விற்றால் பாடகருக்கும் பாட்டெழுதியவருக்கும் ராயல்டி சேர்வதுபோல வாத்தியக்காரருக்குச் சேராது. வெகுகாலம்வரை இசைத்தட்டின் உறையில் அவர்கள் பெயரைப் போடும் வழக்கமும் இல்லை.

ஒத்திகைக்கு நேரமில்லாத இந்த அவசரத்தில் எப்படிச் சமாளிக்கிறார்கள்? இங்கேதான் ‘நாஷ்வில் எண் முறை’ என்ற ஒன்று வருகிறது. 1950களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவைச் சேர்ந்த நீல் மாத்யூஸ் இதைத் தொடங்கினார். சார்லி மெக்காய் போன்ற வாத்தியக்காரர்கள் விரிவுபடுத்தினார்கள். மேற்கத்திய சங்கீதத்தில் பாட்டுக்கு அடியில் ஓடுவது கார்ட், அதாவது ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு. அதை ஜி, சி, டி என்று பெயர் சொல்லி எழுதாமல், ஆதார ஸ்வரத்திலிருந்து எண்ணி 1, 4, 5 என்று எழுதிவிடுவார்கள். பாடகர் ‘இன்னிக்குத் தொண்டை சரியில்லை, கொஞ்சம் கீழே இறக்கலாமா?’ என்று கேட்டால் தாளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இல்லை. ஒரு கட்டையோ, ஐந்து கட்டையோ, எங்கே சுருதி வைத்தாலும் நமக்கு ஸ ஸதான், ப பதான். பல நூற்றாண்டுகளாக நாம் கையாளும் யுக்தியை, மூன்று மணி நேரத்தில் நாலு பாட்டு முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தது.

ஆனால் பக்கவாத்திய தர்மத்தில் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நம் வயலின்காரர் பாடகரின் நிழல். பாடகர் போகிற சங்கதியெல்லாம் கூடவே போக வேண்டும். கன்ட்ரி பிடில்காரர் அப்படிச் செய்தால் அடுத்த செஷனுக்குக் கூப்பிடமாட்டார்கள்! பாட்டின் முகப்பில் நாலு அடி வாசிக்கலாம். நடுவில் தனியாக ஒரு சுற்று கிடைக்கலாம். மற்றபடி, பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளிதான் அவருக்குரிய இடம். அங்கே நாலு ஸ்வரம் வைத்துவிட்டு, அடுத்த வார்த்தை வருவதற்குள் விலகிவிட வேண்டும். ஆகவே, விரல் வேகத்தைவிடப் பாட்டின் அர்த்தத்தைக் கேட்கிற காது முக்கியம். பாடகர் மேல் மரியாதை இல்லாதவரால் இதைச் செய்யவே முடியாது என்பது என் எண்ணம்.

கிம்பிளின் பாதை

ஜானி கிம்பிள் 1926ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, டெக்சஸ் மாநிலத்தில் டைலர் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். சகோதரர்களோடு சேர்ந்து வாசித்துப் பழகி, போருக்குப் பின் 1949இல் பாப் வில்ஸின் ‘டெக்சஸ் பிளேபாய்ஸ்’ குழுவில் சேர்ந்தார்.

பாப் வில்ஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1905இல் பிறந்த இவரும் பிடில்காரர். பிழைப்புக்காக முடிதிருத்தும் தொழிலும் செய்தவர். கிராமத்துப் பிடிலையும் கறுப்பின மக்களின் ஜாஸ், ப்ளூஸ் சங்கீதத்தையும் கலந்து அவர் பிரபலப்படுத்திய நடன இசைக்கு ‘வெஸ்டர்ன் ஸ்விங்’ என்று பெயர். மேடையில் வில்லை நீட்டி ஒருவரைக் காட்டுவார். அந்த வினாடியே அவர் தனி வாசிக்க வேண்டும். இன்றைக்கு என்ன வாசிப்போம் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மனோதர்மத்தை இப்படி வில்முனையில் நிறுத்திக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அது. கிம்பிள் அங்கே பிடிலும் எலெக்ட்ரிக் மாண்டலினும் வாசித்தார். பின்னாளில் அவர் விரும்பி வாசித்தது ஐந்து தந்திப் பிடில். வழக்கமான நாலு தந்திகளுக்குக் கீழே வியோலாவின் மந்தரத் தந்தி ஒன்றையும் சேர்த்தது அது. தனி வாசிக்கும்போது வாசிப்பதையே வாயாலும் கூடவே பாடுவார். வாய்ப்பாட்டு தெரியாமல் வாத்தியம் இல்லை என்று நம் வாத்தியார்கள் சொல்வது எனக்கு நினைவு வரும்.

1950களின் தொடக்கத்தில் டாலஸ் நகரில் ஜிம் பெக் என்பவரின் ஸ்டூடியோவில் கிம்பிளுக்கு செஷன் வேலை கிடைத்தது. மார்ட்டி ராபின்ஸ், லெஃப்டி ஃப்ரிசெல் போன்ற பாடகர்கள் அங்கேதான் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். டாலஸ்தான் அடுத்த கன்ட்ரி தலைநகரம் ஆகப்போகிறது என்று பேச்சு இருந்தது. ஆனால் 1956இல், ஒலிப்பதிவுக் கருவியைச் சுத்தம் செய்யும் திரவத்தின் நச்சு ஆவியால் ஜிம் பெக் இறந்துபோனார். தொழில் நாஷ்வில் பக்கம் நகர்ந்தது.

பிடில் வெளியே போன காலம்

அதே சமயத்தில் இன்னொரு இடி. ராக் அண்ட் ரோல் வந்தது. இளைஞர்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடினார்கள். கன்ட்ரி தட்டுகளின் விற்பனை பாதிக்கப்பட, நாஷ்வில் தயாரிப்பாளர்கள் நகரத்துக் காதுக்கு ஏற்றபடி பாட்டை மெருகேற்ற ஆரம்பித்தார்கள். செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி இருவரும் இதில் முன்னோடிகள். பிடிலும் ஸ்டீல் கித்தாரும் நாட்டுப்புற வாடை அடிக்கிறது என்று ஒதுக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் எதை வைத்தார்கள் தெரியுமா? வயலின்களை! சிம்பொனிக் குழுவிலிருந்து வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்தார்கள். ஒரே வாத்தியம். பிடில் என்ற பெயரோடு வந்தவருக்கு வேலை குறைந்தது. வயலின் என்ற பெயரோடு வந்தவருக்கு நாற்காலி கிடைத்தது.

இதன் வேகத்தை ஒரே பாடகரின் வாழ்க்கையில் பார்க்கலாம். ரே பிரைஸ் 1956இல் பாடி, இருபது வாரம் முதலிடத்தில் நின்ற ‘க்ரேஸி ஆர்ம்ஸ்’ பாட்டின் முகப்பில் ஒலிப்பது டாமி ஜாக்சனின் பிடில். இவரும் கிம்பிளைப்போல 1926இல் பிறந்தவர். நாஷ்வில்லில் செஷன் பிடிலை ஒரு முழுநேரத் தொழிலாகவே ஆக்கியவர். அதே ரே பிரைஸ் 1967இல் ‘டானி பாய்’ பாடியபோது பின்னால் இருந்தது பெரிய ஆர்க்கெஸ்ட்ரா.

கிம்பிள் என்ன செய்தார்? டெக்சஸிலேயே வேக்கோ என்ற ஊரில் முடிதிருத்தும் தொழில் கற்றுச் சம்பாதித்தார். உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் நடன நிகழ்ச்சிகளிலும் வாசித்துக்கொண்டு பிடிலை விடாமல் வைத்திருந்தார். பகலில் கத்தரிக்கோல், ராத்திரி வில். அவர் காலத்தின் எத்தனையோ நல்ல வாத்தியக்காரர்களின் கதை இதுதான். வித்தை போகவில்லை, வேலைதான் போச்சு. 1968இல், நாற்பதைத் தாண்டிய வயதில், குடும்பத்தோடு நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார்.

குடியேறியவர் பிள்ளை

இனி ஹேகர்டுக்கு வருகிறேன். 1930களில் புழுதிப் புயலும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து ஓக்லஹோமா, டெக்சஸ், ஆர்க்கன்சா பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கானோரைக் கலிபோர்னியாவுக்குத் துரத்தின. போன இடத்தில் அவர்களை ‘ஓக்கி’ என்று ஏளனமாகக் கூப்பிட்டார்கள். எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் ஓக்கிதான். திருநெல்வேலியானாலும் திருச்சூரானாலும் ‘மதராசி’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படி ஓக்லஹோமாவிலிருந்து போன குடும்பத்தில், பேக்கர்ஸ்ஃபீல்டை ஒட்டிய ஆயில்டேலில், 1937 ஏப்ரல் 6ஆம் தேதி பிறந்தவர் மெர்ல் ஹேகர்ட். வீடு என்பது பழைய ரயில் சரக்குப் பெட்டியை அப்பா மாற்றிக் கட்டியது. ஒன்பது வயதில் அப்பா போனார். பையன் கெட்டு அலைந்து, கடைசியில் சான் க்வென்டின் சிறைக்கே போய்ச் சேர்ந்தான். அங்கே கைதிகளுக்காகப் பாட வந்த ஜானி கேஷைக் கேட்டது அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம். 1960இல் வெளியே வந்து, பத்தே வருஷத்தில் நாட்டின் முன்னணிப் பாடகர் ஆனார். 1972இல் அன்றைய கலிபோர்னிய ஆளுநர் ரொனால்ட் ரீகன் அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார். அந்தச் சரக்குப் பெட்டி வீடு 2015இல் பேக்கர்ஸ்ஃபீல்டிலுள்ள கெர்ன் மாவட்ட அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது.

ஹேகர்டின் குரல் உரக்க ஒலிப்பதல்ல. பேசுவதுபோல் ஆரம்பித்து, வரியின் கடைசியில் சட்டென்று அடிஸ்தாயிக்கு இறங்கிவிடுவார். இறங்கியதும் ஒரு இடைவெளி விடுவார். அந்த இடைவெளி வாத்தியக்காரருக்கு அவர் போடும் இலை. தன் குரலாலேயே எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும் என்ற பதற்றம் அவரிடம் இல்லை. வாத்தியக்காரர்கள் ஏன் இவரைக் கொண்டாடினார்கள் என்பதற்கு நான் கண்ட விடை இதுதான்.

1970உம் 1973உம்

ஆயில்டேல் போன்ற குடியிருப்புகளில் சொந்த ஊரின் வாசனை பாப் வில்ஸின் சங்கீதம்தான். 1940களில் வில்ஸே கலிபோர்னியாவுக்கு வந்து, இந்தக் குடியேறிகளுக்கு நடமாட வாசித்தார். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ஹேகர்ட். 1969இல் வில்ஸ் பக்கவாதத்தால் விழுந்தார். அவருடைய சங்கீதம் பழங்கதையாகிக்கொண்டிருந்தது. ஹேகர்டோ புகழின் உச்சியில். அந்த நிலையில் வேறு யாராயிருந்தாலும் ஓடுகிற பாட்டு மாதிரியே இன்னும் நாலு பாடியிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? சில மாதங்கள் உட்கார்ந்து பிடில் கற்றுக்கொண்டார்! டெக்சஸ் பிளேபாய்ஸ் குழுவின் பழைய வாத்தியக்காரர்கள் ஆறு பேரைத் தேடி அழைத்தார். உலகத்தின் தலைசிறந்த பிடில்காரருக்கு வணக்கம் என்று பொருள்படும் நீண்ட தலைப்போடு 1970இல் இசைத்தட்டு வெளிவந்தது. அந்த ஆறு பேரில் ஒருவர் கிம்பிள்.

இதன் முக்கியத்துவத்தைக் கவனியுங்கள். பாடகரைப் பிடில்காரர் வணங்குவது வழக்கம். இங்கே பாடகர் வில்லைக் கையில் எடுத்துப் பிடில்காரரை வணங்கினார். பலன் உடனே தெரிந்தது. வெஸ்டர்ன் ஸ்விங்குக்கு மறுவாழ்வு வந்தது. எல்டன் ஷாம்ப்ளின், டைனி மூர் ஆகிய இரண்டு பழைய பிளேபாய்ஸ்காரர்கள் பின்னாளில் ஹேகர்டின் சொந்தக் குழுவிலேயே சேர்ந்தார்கள். நாஷ்வில்லில் கிம்பிளின் பிடிலுக்கும் கிராக்கி ஏற்பட்டது.

1973 டிசம்பரில் டாலஸ் நகரில் வில்ஸின் கடைசி ஒலிப்பதிவு. முதல் நாள் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து நடத்தினார். பழைய சீடர்கள் சுற்றிலும் வாசித்தார்கள், கிம்பிளும் இருந்தார். அன்று இரவே வில்ஸுக்கு மறுபடியும் கடுமையான பக்கவாதம் வந்து நினைவு தப்பிவிட்டது. மறுநாள் பதிவை நிறுத்திவிடவில்லை. ஹேகர்ட் வந்து சேர்ந்துகொள்ள, நாற்காலி காலியாக இருந்த அறையில் எல்லோரும் வாசித்து வேலையை முடித்தார்கள். வில்ஸ் நினைவு திரும்பாமலே 1975 மே 13ஆம் தேதி காலமானார். அந்தத் தட்டைக் கேட்கும்போது அழுகை எதுவும் காதில் விழாது. நடனத்துக்கான தாளம் கொஞ்சமும் தளராமல் ஓடுகிறது. அதுதான் அவர்கள் குருவுக்குச் செய்த மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

பெயர் வந்த கதை

கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த வாத்தியக்காரர் விருது கிம்பிளுக்கு 1975இல் முதன்முறையாகக் கிடைத்தது. பிறகு 1986, 1987, 1989, 1990 என்று மொத்தம் ஐந்து முறை. 1978இல் டெக்சஸுக்கே திரும்பி, வில்லி நெல்சன் குழுவோடு சில ஆண்டுகள் ஊர் ஊராகப் போனார். 1982இல் வெளிவந்த, கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘ஹாங்கிடாங்க் மேன்’ திரைப்படத்தில் அவர் ஏற்ற வேடம் பாப் வில்ஸ்! 1994இல் அமெரிக்க அரசு நாட்டார் கலைஞர்களுக்கு அளிக்கும் தேசிய மரபுக் கௌரவம் வந்தது. 2015 மே 9ஆம் தேதி மறைந்தார். அடுத்த வருஷம், தன் எழுபத்தொன்பதாவது பிறந்தநாளிலேயே ஹேகர்டும் போய்ச் சேர்ந்தார். கன்ட்ரி சங்கீதத்தின் புகழ் மண்டபத்தில் ஹேகர்ட் 1994இலேயே இடம் பெற்றவர். கிம்பிளின் பெயர் அங்கே ஏறியது 2018இல், அவர் மறைந்து மூன்று வருஷம் கழித்து. பக்கத்தில் நிற்பவருக்குப் பெயர் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஒரு சங்கீதம் ஊர்விட்டு ஊர் போய் உயிரோடு இருப்பதற்குப் பெரிய பாடகர்கள் மட்டும் போதாது. பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ராத்திரி பயிற்சியை விடாத வாத்தியக்காரர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். பாங்கியிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். பெரிய வித்வான் ஊரிலிருந்து வந்தால் மேடை அவருக்கு. நம் குழந்தைகளுக்கு வாராவாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது இவர்கள்தான்.

ஆகவே சங்கத்துக்கு என் சிறு யோசனை. அழைப்பிதழில் பக்கவாத்தியக்காரர்களின் பெயரைப் பாடகர் பெயர் அளவு எழுத்திலேயே அச்சிடலாம். மேடையில் அவர்களைப் பற்றியும் யாரிடம் கற்றார்கள், எத்தனை வருஷமாக வாசிக்கிறார்கள் என்று நாலு வாக்கியம் சொல்லலாம். கச்சேரி ஒலிநாடாக்களையும் குறுந்தட்டுகளையும் பாதுகாத்து வைத்திருக்கும் அன்பர்கள், யார் வாசித்தது என்று உறையில் இப்போதே எழுதி வைக்கலாம். இன்னும் பத்து வருஷம் போனால் அந்தக் கையை அடையாளம் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.